முப்பந்தல் காற்றும் முப்பதாயிரம் மணி நேரமும்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்கிற மாதங்களில், முப்பந்தல் காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு ஓய்வே கிடையாது. காற்று வரும் திசைக்குத் தலைப்பகுதியைத் திருப்புவதும், மின்தொகுப்பு துண்டிக்கப்பட்டால் சுழலியைப் பத்திரமாக நிறுத்துவதும் அதன் பொறுப்பு. அப்படிப்பட்ட மென்பொருள் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது என்று யாராவது சொன்னால், எத்தனை மணி நேரம், எத்தகைய சூழலில் என்று கேட்பதே என் வழக்கம்.

முதல் கேள்விக்குப் புள்ளியியலில் எளிய கணக்கு ஒன்று உண்டு. பழுதே இல்லாமல் ஓடிய மணி நேரத்தால் 3ஐ வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கான பழுது வீதத்தின் மேல் எல்லை 95 சதவீத நம்பிக்கையுடன் கிடைக்கும். ஆகவே 10,000 மணி நேரத்துக்கு ஒரு பழுதுக்கு மேல் வராது என்று சொல்ல வேண்டுமானால், 30,000 மணி நேரம் பழுதின்றி ஓட்டிக் காட்ட வேண்டும். மென்பொருளை ஏற்றிய ஒரே ஒரு மின்னணுப் பலகையில், அதாவது போர்டில், ஓட்டினால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 40 போர்டுகளில் ஒரே சமயத்தில் ஓட்டினால் 750 மணி நேரம், அதாவது 31 நாட்கள் சொச்சத்தில் முடிந்துவிடும்.

இந்தச் சிக்கனத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பழுது எந்த மணி நேரத்திலும் ஒரே வீதத்தில் வரும் என்று அந்தக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆனால் மென்பொருளுக்குள் மில்லி வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் 32 பிட் கவுண்ட்டர் 49.7 நாட்களில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். 31 நாள் ஓடிய 40 போர்டுகளில் ஒன்றுகூட அந்த நாளைப் பார்த்திருக்காது. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாட்கள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால், கவுண்ட்டர் நிரம்பி ஒரே நேரத்தில் செயலிழக்கக்கூடும் என்று 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்ததற்கும் இதே வகைக் கோளாறுதான் காரணம். கவுண்ட்டரின் தொடக்க மதிப்பைச் சோதனைக்குச் சோதனை மாற்றி, சிலவற்றை நிரம்பும் தறுவாயிலேயே தொடங்கிவைத்தால் இது சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும்.

சூழல் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. சோதனைக்கான காற்றின் வேகத்தை, எந்த வேகம் எவ்வளவு அடிக்கடி வரும் என்று காட்டும் வைபுல் பரவல் என்ற புள்ளியியல் வளைகோட்டிலிருந்து எடுப்பது வழக்கம் என்றாலும், ஆண்டு முழுவதற்கும் ஒரே வளைகோட்டைப் பொருத்தினால் அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று சராசரிக்குள் கரைந்துபோகும் என்பதால், பருவக்காற்று மாதங்களைத் தனியாகப் பிரிப்பதே சரி என்பது என் கருத்து. பலத்த காற்றும் மின்தொகுப்புத் துண்டிப்பும் சேர்ந்து வரும் அரிய தருணங்களை வேண்டுமென்றே மிகுதியாகச் சோதித்துவிட்டு, இறுதிக் கணக்கில் அவற்றின் உண்மையான நிகழ்தகவுக்கு ஏற்ப எடையைக் குறைத்துக்கொள்ளலாம்.

பிழை ஒன்றைக் கண்டு திருத்திய பிறகு பழைய மணி நேரங்களை அப்படியே கணக்கில் சேர்க்க முடியாது, ஏனெனில் திருத்தப்பட்டது வேறொரு மென்பொருள். காலக்கெடுவை நெருங்கும் நிர்வாகிகள் யாரும் இதை விரும்புவதில்லை.