கணக்கில் மட்டும் வரும் சாப்பாட்டு நேரம்

சம்பளக் கணக்கு போடுகிற வேலை என்பதால் மற்றவர்கள் கவனிக்காத சில சங்கதிகள் என் கண்ணில் படும். அதில் ஒன்று, மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை. மலேசியாவில், பினாங்கில் நான் பார்த்த சின்னக் கடைகள் சிலவற்றின் வருகைப் பதிவை எக்செலில் திறந்தால், மாதம் முழுக்க, அத்தனை ஊழியர்களுக்கும், ஒரு நிமிடம் கூடப் பிசகாமல் அந்த ஒரு மணி நேரம் ஓய்வு என்று கழிக்கப்பட்டிருக்கும். யாரும் கார்டு தட்டிவிட்டுப் போவதில்லை, சிஸ்டமே கழித்துக்கொள்ளும். சரி, எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போய்விட்டால் கல்லாவில் யார் இருந்தது?

கல்லாவில் எப்போதும் உட்காருகிற பெண்தான் இருந்தாள். தீபாவளி நெருங்கும் வாரங்களில் எந்தத் துணிக்கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சாதம்) பொட்டலத்தைப் பாதி இழுத்த டிராயருக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாய் போடுவாள், கையை டிஷ்யூவில் துடைப்பாள், கார்டு மெஷினை நீட்டுவாள், "பை வேணுமாக்கா?" என்று கேட்பாள், மறுபடி ஒரு வாய். சம்பால் காய்ந்து இலையோடு ஒட்டிப்போயிருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது, ஏனென்றால் கணக்குப்படி அவள் ரெஸ்டில் இருக்கிறாள்!

சாப்பாட்டு ஓய்வைப் பலரும் முதலாளி மனசு வைத்தால் கிடைக்கிற சலுகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவில் இது தெளிவாகவே இருக்கிறது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். காலையில் பத்து நிமிடம் தே ஓ (பால் இல்லாத டீ), அப்புறம் பத்து நிமிடம் சிகரெட், இன்னொரு பத்து நிமிடம் என்று கூட்டிக் காட்டி முப்பது என்று சொல்ல முடியாது. 30 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளி கணக்கிலேயே சேராது, ஐந்து மணி நேர ஓட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். விடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலைகளுக்கு மட்டும் வேறு ஏற்பாடு: எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கலாம், ஆனால் அந்த எட்டு மணிக்குள்ளேயே சாப்பாட்டுக்கு மொத்தம் 45 நிமிடமாவது விட வேண்டும்.

எனக்கு அந்தப் பிரிவில் ரொம்பப் பிடித்தது வேலை நேரம் என்றால் என்ன என்று சொல்லியிருக்கும் இடம். முதலாளியின் கைவசம் இருக்கிற நேரம், தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம், அதெல்லாம் வேலை நேரம்தான். அப்படியென்றால் "சாப்பிடு, ஆனா கடையை விட்டு நகராதே, போன் வந்தா எடு" என்று சொன்னால் அது ஓய்வு இல்லை. வாயில் சோறு இருந்தாலும் அவள் வேலையில்தான் இருக்கிறாள்.

இதில் எவ்வளவு பணம் போகிறது என்று போட்டுப் பார்ப்போம். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம், அதற்கு முன் 48. ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு ஏழரை மணி. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதை 26ஆல் வகுத்தால் நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு, மணிக்கு 8.72. ஓய்வென்று கழித்த நேரத்தில் வாங்கிய வேலை அந்த ஏழரை மணிக்கு மேல் வருவதால் அது ஓ.டி. (கூடுதல் நேர வேலை), அதற்கு ஒன்றரை மடங்கு, ஆக 13.08. தினமும் அரை மணி நேரம் இப்படித் தின்னப்பட்டாலே 26 நாளில் 170 வெள்ளி. சம்பளத்தில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு! முழு ஒரு மணி நேரமும் போனால் 340. வயிற்றில் அடிப்பது என்பார்களே, இங்கே சாப்பாட்டு நேரத்திலேயே அடிக்கிறார்கள்.

காலை பத்துக்குத் திறந்து இரவு பத்துக்குச் சாத்துகிற கடைகளில் இன்னொரு தந்திரம் உண்டு. மதியம் கூட்டம் குறைகிற நேரத்தில் மூன்று மணி நேரம் "போய்ட்டு வா" என்பார்கள், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வருகிறவள் எங்கே போய்விட்டு வருவாள்? ஒரு நாள் வேலை, இடைவெளியையும் சேர்த்து, பத்து மணி நேர விரிவுக்குள் முடிய வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவர்களுக்குச் சட்டப்படி ஓ.டி. கிடையாது. ஆனால் ஓய்வு நேரம் அவர்களுக்கும் உண்டு, அலுவலகத்தில் மேசையிலேயே தாப்பாவ் (பார்சல் சாப்பாடு) பிரித்துச் சாப்பிடுகிற சூப்பர்வைசர்கள் கவனிக்கவும். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து உணவகங்களில் ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருக்கிற தம்பிகளுக்கும் இதே சட்டம்தான். சபா, சரவாக் மாநிலங்களில் மட்டும் தனிச் சட்டம்.

நம் ஆட்கள் கடையில் இதைக் கேட்பது இன்னும் கஷ்டம். அங்கே முதலாளி என்று யாரும் இல்லை, அண்ணன்தான் இருக்கிறார். "தங்கச்சி, பண்டிகை நேரம், கொஞ்சம் அனுசரிச்சுக்கம்மா" என்பார், அவள் என்ன சொல்லுவாள்? பண்டிகைக்குப் புடவையும் கொடுப்பார், மறுப்பதற்கில்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு புடவையும் மாதம் 170 வெள்ளியும் ஒன்றாகாது என்று கணக்குத் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள். அண்ணன் என்றால் முதலில் தங்கச்சியைச் சாப்பிட வைக்க வேண்டாமா?

வேலையில் சேரும்போது கொடுத்த கடிதத்தில் "ஓய்வு நேரம் நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தருகிற ஒப்பந்த வரி செல்லாது என்று 7ஆம் பிரிவு சொல்கிறது.

முதலில் பேசிப் பாருங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் போகிற மாதிரி அட்டவணை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும், சில கடைகளில் தீர்ந்தும் இருக்கிறது. தீராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சம்பள, வேலை நேரப் பதிவேட்டை முதலாளி ஆறு வருடம் வைத்திருந்தாக வேண்டும், ஆனால் அதில் அந்த ஒரு மணி நேரம் அழகாகக் கழிந்துதான் இருக்கும். அதனால் உங்கள் பக்கக் கணக்கை நீங்கள் வைத்திருங்கள். தேதி, எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தீர்கள், எப்போது கூப்பிட்டார்கள், எந்த பில் நம்பர். மதியம் 1.20க்கு உங்கள் பெயரில் அடித்த பில் இருந்தால், நீங்கள் ரெஸ்டில் இருந்தீர்கள் என்று எந்த சிஸ்டமும் சாதிக்க முடியாது. புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு போட வேண்டும். அந்த 60 நாளை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.