வளவில் ஒரு நேர்காணல்

பிப்ரவரி 3

சென்னையில் நேர்காணலுக்கு இன்னும் பதினோரு நாள். மக்கள் தொடர்பு வேலை. கானாடுகாத்தானில் தோழி வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். அவள் கேட்பாள், நான் சொல்வேன், கைப்பேசி பதிவு செய்யும். தூணோரம் அவளுடைய அப்பத்தா ஓலைக் கொட்டான் முடைந்துகொண்டிருந்தார்.

முதல் கேள்வி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." பெயர், ஊர், மதிப்பெண் என்று மூன்று நிமிடம் பேசினேன். எல்லாம் விண்ணப்பத்திலேயே இருப்பவை. திரும்பக் கேட்டபோது வருத்தமாக இருந்தது. கல்லூரி விழாவுக்கு நான் எழுதிய செய்திக்குறிப்பு உள்ளூர்ப் பதிப்பில் வந்ததைச் சொல்லவே இல்லை. இனி அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிப்ரவரி 5

இன்றைய கேள்வி: "உங்கள் ஊர்ப் பொருள் ஒன்றை ஒரு பத்திரிகையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள்."

ஆத்தங்குடித் தரைக்கல் என்றேன். "உலகப் புகழ்பெற்றது, பாரம்பரியமிக்கது, தனித்துவமானது..." தோழி கையைக் காட்டி நிறுத்தினாள். "இதை எந்த ஊர்க் கல்லுக்கும் சொல்லலாமே?" சரியான கேள்வி.

சாயங்காலம் ஆத்தங்குடிக்கே போனோம். அங்கே அவளுடைய மாமா பட்டறையில் வேலை செய்கிறார். கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சுக்குள் நிறக் கலவை. எல்லாம் கையால் ஊற்றுவதுதான். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டப்படுத்துகிறார். காய்ந்த பிறகு நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். சூளையே கிடையாது. "பளபளப்பு எங்கேயிருந்து வருது மாமா?" என்றேன். கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். கண்ணாடியின் வழவழப்பைத்தான் கல் வாங்கிக்கொள்கிறதாம்.

இரவு திரும்பச் சொன்னேன். "இந்தத் தரைக்கற்களை நெருப்பில் சுடுவதில்லை. கண்ணாடிதான் மெருகு தருகிறது." நாற்பது நொடிதான் ஆனது. அப்பத்தா முடைவதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

பிப்ரவரி 8

இதுதான் கடினமான நாள். தோழியின் அண்ணன் நிருபர். அவரே கேள்வி கேட்க வந்தார். "உங்கள் வாடிக்கையாளரான இனிப்பு நிறுவனத்தின் இனிப்பைச் சாப்பிட்டுப் பத்துப் பேர் மருத்துவமனையில். நான் செய்தி போடப்போகிறேன். என்ன சொல்கிறீர்கள்?"

"இப்போது கருத்துச் சொல்ல இயலாது" என்றேன். "சரி, 'பதில் சொல்ல மறுத்தது'ன்னு எழுதிக்கிறேன்" என்று எழுந்துவிட்டார்.

அப்புறம் உட்கார்ந்து 1982 சிகாகோ சம்பவத்தைப் பேசினோம். டைலெனால் என்ற வலிநிவாரணிக் காப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த மருந்தின் நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் மக்களை எச்சரித்து, நாடு முழுவதும் சுமார் 3.1 கோடிப் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும் உறையோடுதான் மருந்து கடைக்கு வந்தது. விஷம் வைத்தவர் யாரென்று தெரியாத நிலையிலேயே இவ்வளவும் செய்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

என் புதிய பதில்: "பத்துப் பேர் சிகிச்சையில் இருப்பது உண்மை. விற்பனையை நிறுத்திவிட்டோம். காரணம் இன்னும் தெரியவில்லை. மாலை ஆறு மணிக்கு நானே அழைத்துச் சொல்கிறேன்." அண்ணன் குறிப்பேட்டைத் திறந்து நான்கையும் எழுதிக்கொண்டார். "ஆறு மணிக்குப் புதுசா ஒண்ணும் தெரியலேன்னாலும் கூப்பிடணும்மா" என்றார்.

பிப்ரவரி 11

ஆங்கிலத்தில் பயிற்சி. வேகம் குறைந்திருக்கிறது. யோசிக்க இரண்டு நொடி எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

பிப்ரவரி 13

நாளை விடியற்காலை பல்லவன் ரயிலில் கிளம்ப வேண்டும். கண்டாங்கிச் சேலையைத் தோழியே மடித்து வைத்தாள்.

கடைசியில், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இத்தனை நாளும் சம்பளம், பயிற்சிக் காலம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். இன்று அவற்றுக்கு மேலே ஒன்று சேர்த்தேன்: "வாடிக்கையாளர் உண்மையை மறைக்கச் சொன்னால், உங்கள் அலுவலகத்தில் அவரிடம் பேசுவது யார்?"

தோழி படித்துவிட்டு, "இதைக் கேட்டா வேலை போயிடாதா?" என்றாள். தெரியவில்லை. கேட்கத்தான் போகிறேன்.