காரின் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் ஏற்றிய அனுபவம்

போன வருடம் ஏசி குளிரவில்லை என்று கொண்டுபோனபோது, மெக்கானிக் "கேஸ் குறைஞ்சிருக்கு சார்" என்று சொல்லி அரை மணி நேரத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டார். எட்டே மாதத்தில் மறுபடியும் வெந்த காற்று. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லையே, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதுதானே, குறைந்தது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதானே அர்த்தம். அந்த இடத்தைத் தேடாமல் மேலே மேலே ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. சரி, இந்த முறை நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று வார இறுதிகள் ஆயின.

முதலில் எளிமையானவற்றைப் பார்த்தேன். உள்ளே ப்ளோயர் நன்றாக ஊதுகிறது, கேபின் ஃபில்டர் சுத்தம், கண்டென்சர் (முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ஃபேனும் சுற்றுகிறது. பானெட்டைத் திறந்து வைத்து ஏசியைப் போட்டால் கம்ப்ரஸரை (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறது, நாலைந்து வினாடியில் விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. இது கேஸ் குறைவுக்கான பழைய அடையாளம். அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். எண்ணெயும் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது என்பதால், அப்படி நிறுத்தாவிட்டால் கம்ப்ரஸர் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த ஸ்விட்ச்சை நேரடியாக இணைத்து ஓட்டிப் பார்க்கும் வேலையை நான் செய்யவே இல்லை, நீங்களும் செய்யாதீர்கள்.

அப்புறம் அழுத்தம் அளக்கும் கேஜ் செட்டை மாட்டினேன். நீலம் லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் போகும் குறைந்த அழுத்தம்), சிவப்பு ஹை பக்கம் (கம்ப்ரஸரிலிருந்து வரும் கூடிய அழுத்தம்), நடுவில் கேனுக்கோ பம்புக்கோ போகும் மஞ்சள் குழாய். இன்ஜின் ஓடாமல் ஆறிக் கிடக்கும்போது, உள்ளே கொஞ்சமாவது திரவமாக கேஸ் இருந்தால் இரண்டு முள்ளும் வெளிவெப்பத்துக்குத் தக்க ஒரே எண்ணில் நிற்கும். என் வண்டியில் இருக்கும் கேஸ் ஆர்-134ஏ என்ற வகை, அன்று 32 டிகிரி, அதற்கு 103 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) சுமார் காட்டியிருக்க வேண்டும். காட்டியது 45. உள்ளே திரவமே இல்லை, வெறும் ஆவிதான். ஒன்று மட்டும் கவனம்: 103 காட்டிவிட்டால் கேஸ் முழுதாக இருக்கிறது என்று ஆகாது. பாதி இருந்தாலும் அதே எண்தான் வரும்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கெட்டியாகக் கரைத்து, பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ஹை பக்கத்து போர்ட்டின் மூடியைக் கழற்றி ஒரு சொட்டு விட்டதும், வால்வு ஊசியைச் சுற்றிக் கடுகு அளவில் ஒரு குமிழி வந்தது, மெதுவாகப் பட்டாணி ஆயிற்று, உடைந்தது, அடுத்தது வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அதோடு தேடலை நிறுத்திவிட்டேன். அது தப்பு.

மிச்ச கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. ஆர்-134ஏ, 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். ரெக்கவரி மெஷின் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் உறிஞ்சி எடுக்கச் சொன்னேன். 70 கிராம்தான் வந்தது. பானெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு 480.

வீட்டுக்கு வந்து வால்வு ஊசியை மாற்றி, 45 நிமிடம் வேக்யூம் பம்ப் ஓட்டினேன். இது காற்றை மட்டும் எடுப்பதற்கில்லை, ஈரத்தையும் எடுப்பதற்கு. அழுத்தம் அவ்வளவு இறங்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். முள் மைனஸ் 29 அங்குலத்தில் (வேக்யூமைப் பாதரச அங்குலத்தில் அளப்பார்கள்) நின்றது. வால்வுகளை மூடி பம்பை நிறுத்தினேன். 20 நிமிடத்தில் மைனஸ் 25-க்கு ஏறிவிட்டது. மிச்ச ஈரம் ஆவியாகிறதோ என்று இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஈரம் என்றால் முள் கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும், இதுவோ நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. அப்படியானால் இன்னொரு ஓட்டை இருக்கிறது.

அடுத்த வாரம் முன் பம்பரைக் கழற்றினேன். கண்டென்சரிலிருந்து பைப் வெளியே வரும் இணைப்பில், மற்ற எங்கும் இல்லாத கறுப்புப் பிசுக்கு, விரலில் ஒட்டியது. கசியும் கேஸோடு வெளியே வந்த எண்ணெயில் தூசி படிந்து அப்படி ஆகியிருக்கிறது. இரண்டு ஸ்பேனர் போட்டுத்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அலுமினிய பைப் முறுக்கிக்கொள்ளும். உள்ளே இருந்த ஓ-ரிங், உருண்டையாக இருக்க வேண்டியது, ஒரு பக்கம் தட்டையாகி நகத்தால் அழுத்தினால் திரும்பாத அளவுக்கு இறுகிப்போயிருந்தது, கூடவே முடி மாதிரி ஒரு விரிசல். இவ்வளவு சின்ன வளையம்! ஆர்-134ஏவுக்கு உரிய புது ஓ-ரிங்கை அதே கம்ப்ரஸர் எண்ணெயில் நனைத்துப் போட்டேன். குழாய் திறந்து கிடந்ததால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, அதற்கு மேனுவல் சொன்ன அளவு எண்ணெய் சேர்த்தேன். மறுபடி 45 நிமிடம் வேக்யூம். ராத்திரி முழுக்க விட்டுவைத்தேன், காலையில் முள் அசையவில்லை.

கேஸ் ஏற்றும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள் அது. அழுத்தத்தைப் பார்த்து ஏற்றாமல் எடையைப் பார்த்து ஏற்றினேன். கேன் ஜில்லென்று ஆகி வரத்து குறைந்துவிடும் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் அதை நிமிர்த்தி வைத்து, கிண்ணத்தோடு சேர்த்து டிஜிட்டல் தராசில் ஏற்றிவிட்டேன். மொத்த எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கேஸ் கிளம்பியிருக்கிறது. குழாய் தராசை இழுத்தால் எண் பொய் சொல்லும், அதைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். மஞ்சள் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, முதலில் வேக்யூம் உறிஞ்சிய வரைக்கும் விட்டேன். பிறகு இன்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் வைத்து நீல வால்வு வழியாக மட்டும் ஆவியாக ஏற்றினேன். கேனைக் கவிழ்த்தால் திரவம் கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைக்கும். இன்ஜின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் ஹை பக்கத்து அழுத்தம் கேனுக்குள் பாய்ந்து கேன் வெடிக்கும். அந்த வால்வைத் தவறியும் தொட்டுவிடக் கூடாது என்று டேப் சுற்றி வைத்தேன்.

இரண்டாவது கேனில் பாதியில் 480 ஆயிற்று, இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் குளிருமோ என்ற ஆசையை அடக்கி மூடிவிட்டேன். கூடினாலும் ஹை பக்கம் எகிறிக் குளிர் குறையத்தான் செய்யும். லோ பக்கம் 34 பிஎஸ்ஐ, ஹை பக்கம் 205. கிளட்ச் விட்டு விட்டுப் பிடிக்கவில்லை. நடு வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர் 26-ல் இருந்தது, இறங்கி 7-க்கு வந்து நின்றது.

மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் 7தான். நேற்று அந்த இணைப்பை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். தூசி மட்டும்தான் வந்தது, பிசுக்கு இல்லை.