மூணு பெரிய ஆளுங்க, ஒரே பெயிண்ட்: மிச்சிகனுக்கு இது செட் ஆகுமா?

2025-26 அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுதினது இது. டேனி வுல்ஃப், விளாட் கோல்டின்னு ரெண்டு ஏழடி ஆளுங்க கிளம்பினதால காலியான இடத்துக்கு மிச்சிகன் யுனிவர்சிட்டி டீம் இந்த சீசனுக்கு மூணு பேரை கூட்டிட்டு வந்திருக்கு. யுசிஎல்ஏல இருந்து 7 அடி 3 இன்ச் ஆடாய் மாரா, இல்லினாய்ல இருந்து மோரெஸ் ஜான்சன், யுஏபில இருந்து யாக்செல் லெண்டபோர்க். மூணு பேருமே வேற காலேஜ்ல இருந்து மாறி வந்த டிரான்ஸ்ஃபர், மூணு பேருமே அவங்கவங்க பழைய டீம்ல ரிங் பக்கத்துல தான் பாதி வேலை பாத்தவங்க. இப்ப எல்லாரும் கேக்கற கேள்வி, இவ்ளோ பெரிய ஆளுங்கள ஒண்ணா இறக்கினா உள்ள, அதாவது ரிங்குக்கு கீழ இருக்கற பெயிண்ட்ங்கற கட்டத்துல, மூச்சு விட இடம் இருக்குமான்னு தான். நியாயமான கேள்வி. ஆனா அதுக்கு எல்லாரும் பாக்கறது யார் எவ்ளோ த்ரீ, அதாவது தூரத்துல இருந்து சுடற மூணு பாயிண்ட் ஷாட், போடுவாங்கன்னு மட்டும். எனக்கு அது ரெண்டாவது விஷயம். முதல்ல பாக்க வேண்டியது, ரிங்ல இருந்து இருபது இருபத்தஞ்சு அடி வெளிய பந்தை கையில வச்சிக்கிட்டு சரியா முடிவெடுக்கற பெரிய ஆள் யாருங்கறது தான். போன வருஷம், அதாவது 2024-25ல, டீமை தூக்கினதே அந்த ஒரு விஷயம் தான்.

கொஞ்சம் பின்னாடி போய் பாத்தா தான் புரியும். 2023-24ல இந்த டீம் 8 ஜெயிச்சு 24 தோத்துச்சு. அப்புறம் கோச்சா டஸ்டி மே வந்தாரு, ஃப்ளோரிடா அட்லாண்டிக்கை 2023ல தேசிய டோர்னமென்ட்டோட கடைசி நாலு டீம், அதாவது ஃபைனல் ஃபோர் வரைக்கும் கொண்டு போனவர், அங்க சான் டியேகோ ஸ்டேட்கிட்ட கடைசி செகண்ட் ஷாட்ல 72-71னு தோத்தாங்களே அந்த டீம். அங்க அவரோட ஆட்டம் ரொம்ப தெளிவானது, வெளிய நாலு பேர், எல்லாரும் ஓடுவாங்க, ட்ரைவ் பண்ணுவாங்க, சுடுவாங்க, உள்ள ரிங் பக்கத்துல ஆடற பெரிய ஆளா ஒரே ஒரு சென்டர், அது 7 அடி 1 இன்ச் கோல்டின். மே மிச்சிகன் வந்தப்ப கோல்டினும் கூடவே வந்தாரு. அதோட நின்னிருந்தா அதே ஆட்டத்தை மிச்சிகன் ஊரான ஆன் ஆர்பர்ல ஓட்டிருப்பாங்கன்னு சொல்லிட்டு போயிடலாம். ஆனா யேல்ல இருந்து இன்னொரு ஏழடி ஆளையும் எடுத்தாரு, அவர் தான் வுல்ஃப். ஒரு சென்டர் ஆடற ஆஃபென்ஸ்ல ரெண்டாவது சென்டரை எங்க வைக்கறது? மே அவரை பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை கொண்டு வந்து ஆட்டத்தை ஆரம்பிக்கற குட்டி ஆள், நிக்கற இடத்துல வச்சாரு.

இங்க ஒரு ரூல் பத்தி சொல்லியாகணும், இது தெரியாம இந்த பேச்சு முழுசா புரியாது. அமெரிக்க புரொஃபஷனல் லீக்கான என்பிஏல டிஃபென்ஸ் ஆடறவன் யாரையும் மார்க் பண்ணாம பெயிண்ட் உள்ள மூணு செகண்டுக்கு மேல சும்மா நிக்க முடியாது, விசில் அடிச்சிடுவாங்க. காலேஜ்ல அந்த ரூல் கிடையாது. எதிர் டீம் சென்டர் ரிங்குக்கு கீழ ஷாட் கிளாக் 30 செகண்டும் அப்படியே நிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. அதனால ரெண்டு பெரிய ஆளை உள்ள நிறுத்தினா அவங்கள மார்க் பண்ற ரெண்டு பெரிய ஆளும் உள்ளயே இருப்பாங்க, உங்க கார்டு ட்ரைவ் பண்ணி உள்ள வந்தா நாலு நீளமான கை மூஞ்சிக்கு முன்னாடி இருக்கும். காலேஜ்ல ரெண்டு பிக் மேன் ஆட்டம் சொதப்பறதுக்கு பெரும்பாலும் காரணம் இது தான்.

மே என்ன பண்ணாருன்னா வுல்ஃப் கையில பந்தை குடுத்து மேல நிக்க வச்சிட்டு, கோல்டினை அவருக்கு ஸ்க்ரீன் போட, அதாவது துரத்தறவன் வழிய உடம்பால மறிக்க, வச்சாரு. கேக்க சாதாரணமா தான் இருக்கும், ஆனா ஒவ்வொரு ஸ்டெப்பா பாருங்க. வுல்ஃபை மார்க் பண்றது எதிர் டீமோட பவர் ஃபார்வர்டு, அதாவது சென்டருக்கு அடுத்த பெரிய ஆள், கோல்டினை மார்க் பண்றது அவங்க சென்டர். இப்படி ஸ்க்ரீன் போட்டுட்டு ரிங்கை நோக்கி ஓடற பிக் அண்ட் ரோல்ல பந்தை வச்சிருக்கறவனை துரத்திக்கிட்டு ஸ்க்ரீனை சுத்தி ஓடறது கார்டுங்க வேலை, அந்த பவர் ஃபார்வர்டு அதை பிராக்டிஸ்ல கூட பெருசா பண்ணிருக்க மாட்டான். ரிங்குக்கு கீழ நிம்மதியா நிக்க வேண்டிய சென்டர் இப்ப ஸ்க்ரீன் கூடவே வெளிய வந்தாகணும். வரலன்னா வுல்ஃப் மேல இருந்தே த்ரீ போடுவாரு, இல்ல வேகம் எடுத்து நேரா இறங்குவாரு. வெளிய வந்துட்டா கோல்டின் திரும்பி ரிங்கை நோக்கி ஓடுவாரு, ஏழடி உயரத்துல இருந்து பாக்கற வுல்ஃபுக்கு டிஃபென்ஸ் கையெல்லாம் கண்ணுக்கு கீழ இருக்கும், மேலயே தூக்கி லாப் போட்டா கதை முடிஞ்சுது. சரி ரெண்டு பேரும் ஆளை மாத்திக்கலாம்னு ஸ்விட்ச் பண்ணா, குள்ளமான ஃபார்வர்டு மேல கோல்டின் உக்காந்துடுவாரு. கார்னர்ல நிக்கறவன் உதவிக்கு உள்ள வந்தா அங்க மிச்சிகன் கார்டு நிமாரி பர்னெட் காலியா நிப்பாரு, பந்து அங்க போயிடும். காலேஜ்ல அந்த ரூல் இல்லாததால கேக்க ஆளில்லாம உள்ள குந்தியிருந்த சென்டரை, விசிலே இல்லாம வெளிய இழுத்து போட்டாங்க. போன சீசன்ல நான் ரொம்ப ரசிச்சு பாத்தது இது தான், இன்னமும் கிளிப் போட்டு பாத்துட்டு இருக்கேன்.

கணக்கும் அதையே தான் சொல்லுது. வுல்ஃப் ஒரு ஆட்டத்துக்கு 13.2 பாயிண்ட், 9.7 ரீபவுண்ட் (விழாத ஷாட்டை பிடிக்கறது), 3.6 அசிஸ்ட் (இன்னொருத்தர் பாயிண்ட் எடுக்க குடுத்த பாஸ்). ஏழடி ஆளுக்கு 3.6 அசிஸ்ட்ங்க. கோல்டின் 16.6 பாயிண்ட், அதுல பெரும்பங்கு ரிங்குக்கு பக்கத்துல கிடைச்ச சுத்தமான ஷாட். டீம் 27 ஜெயிச்சு 10 தோத்துச்சு, அவங்க லீக்கான பிக் டென் டோர்னமென்ட் கப், தேசிய டோர்னமென்ட்ல கடைசி 16 டீம்ல ஒண்ணா ஸ்வீட் 16. வுல்ஃபை என்பிஏ டிராஃப்ட்ல (புது ஆளுங்களை டீம்கள் வரிசையா எடுக்கறது) புரூக்ளின் நெட்ஸ் 27வது பிக்கா எடுத்தாங்க.

இதுக்கு ஒரு விலையும் குடுத்தாங்க, அதை மறைக்க கூடாது. டேர்னோவர், அதாவது பந்தை எதிர் டீம்கிட்ட தொலைக்கறது. ஏழடி ஆள் பந்தை தட்டிக்கிட்டு போகும்போது பந்து தரையில இருந்து இடுப்பு வரைக்கும் வர்ற தூரமே ஜாஸ்தி, பக்கத்துல விங்ல நிக்கற குட்டி கார்டு ஒரு அடி உள்ள வந்து கைய விட்டான்னா பந்து போச்சு. ஜனவரில பிக் டென்ல இருக்கற பர்டூ டீமோட ஊர்ல போய் 91-64னு வாங்கிட்டு வந்தப்ப அதை தான் முழுக்க பாத்தோம். ஆனா அதே பர்டூவை மார்ச்ல இண்டியானாபோலிஸ்ல நடந்த பிக் டென் டோர்னமென்ட்ல 86-68னு அடிச்சாங்களே, அதுவும் ரெகுலர் சீசனோட கடைசி மூணு ஆட்டத்தையும் தோத்துட்டு போன டீம். அடுத்த நாள் மேரிலேண்டை ஒரு பாயிண்ட்ல, அதுக்கடுத்த நாள் விஸ்கான்சினை 59-53. பந்தை தொலைச்சாலும் பரவால்ல, பெரிய ஆள் கையில இருந்தே ஆட்டம் ஆரம்பிக்கட்டும்னு மே கடைசி வரைக்கும் மாத்தாம நின்னது சரியான முடிவுன்னு தான் நான் இப்பவும் சொல்லுவேன். அட்லாண்டால ஸ்வீட் 16ல ஆபர்னுக்கு எதிரா ரெண்டாவது பாதில 9 பாயிண்ட் முன்னாடி இருந்து கடைசில 78-65னு தோத்தது வலிக்க தான் செய்யுது, ஆனா ஆபர்னோட ஜோனி புரூம் மாதிரி ஒரு ஆள் உள்ள எடுத்துக்கிட்டா எந்த ஆஃபென்ஸா இருந்தாலும் கஷ்டம் தான்.

சரி, இந்த வருஷத்துக்கு வருவோம்.

வுல்ஃப் பண்ண வேலைய அப்படியே தூக்கி ஒருத்தர்கிட்ட குடுக்க முடியாது, அப்படி ஒரு ஆள் இப்ப இங்க இல்ல. லெண்டபோர்க் தான் கிட்ட வர்றாரு. 6 அடி 9 இன்ச், யுஏபில போன வருஷம் 17.7 பாயிண்ட், 11.4 ரீபவுண்ட், 4.2 அசிஸ்ட், என்பிஏ டிராஃப்டுக்கு பேர் குடுத்துட்டு திரும்ப எடுத்துக்கிட்டு வந்தவர். ரீபவுண்ட் எடுத்த கையோட தானே பந்தை மேல கொண்டு போவாரு, கார்டுக்கு பாஸ் குடுத்துட்டு காத்திருக்க வேண்டியதில்ல, அதுலயே ரெண்டு மூணு செகண்ட் மிச்சம், டிஃபென்ஸ் செட் ஆகறதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சிடும். ஆனா செட் ஆன டிஃபென்ஸ்ல மேல நின்னு ஸ்க்ரீன் கேட்டு ஆடறதுல அவர் வுல்ஃப் அளவுக்கு கிடையாது, அவருக்கு நல்லா வர்றது வேற. ஸ்க்ரீன் போட்டுட்டு பாதி வழில, ஃப்ரீ த்ரோ லைன் பக்கத்துல பந்தை வாங்கி அங்க இருந்து முடிவெடுக்கறது, அதாவது ஷார்ட் ரோல். ரெண்டு டிஃபெண்டர் கார்டு பக்கம் போயிட்டா மிச்சம் நாலு பேருக்கு மூணு டிஃபெண்டர் தான், அதுல அவருக்கு நேர் முன்னாடி ஒருத்தன் தான் இருப்பான். அதுல அவர் தப்பு பண்றது கம்மி.

மாரா பத்தி தான் எனக்கு ரொம்ப ஆர்வம். யுசிஎல்ஏல ஒரு ஆட்டத்துக்கு 13 நிமிஷம் மாதிரி தான் இறக்கினாங்க. 7 அடி 3 இன்ச்னு சொன்ன உடனே ரிங் கீழ நிறுத்தி லாப் போடற ஆள்னு தோணும், ஆனா அவரோட பெரிய சொத்து பாஸ். ஸ்பெயின்ல சின்ன வயசுல இருந்தே நல்ல கிளப்புல வளர்ந்தவர், முதுகுக்கு பின்னாடி கட் பண்ணி ஓடறவனையும் சரியா பாத்து குடுப்பாரு. அதனால அவரை ப்ளாக்ல, அதாவது ரிங்குக்கு பக்கத்துல பெயிண்ட் ஓரமா, நிக்க வைக்கறது வேஸ்ட். எல்போல, அதாவது ஃப்ரீ த்ரோ லைன் முனைல, பந்தோட நிக்க வைக்கணும். அவர் ஷூட் பண்ண மாட்டாருன்னு எதிர் சென்டர் பின்னாடியே நின்னா? அப்ப மாரா கையில இருந்தே பந்தை வாங்கிட்டு போற மாதிரி பர்னெட் ஓடி வரணும், மாராவோட உடம்பே ஸ்க்ரீன், பர்னெட்டை துரத்தறவன் அந்த உடம்புல முட்டி நிப்பான், சென்டர் பின்னாடி இருக்கறதால முன்னாடி தடுக்க ஆளே இல்ல, காலியா ஒரு த்ரீ. அதை தடுக்க சென்டர் மேல ஏறி வந்தா உள்ள ஜான்சனுக்கு இடம் கிடைக்கும். வுல்ஃப் ஆடினப்ப ஸ்க்ரீனை வச்சு சென்டரை வெளிய இழுத்தாங்க, இப்ப பாஸை வச்சு இழுக்கணும், நோக்கம் ஒண்ணே தான்.

ஜான்சன் இதுல சிக்கலான ஆள். 6 அடி 9 இன்ச், இல்லினாய்ல முதல் வருஷமே ஆஃபென்சிவ் ரீபவுண்டுக்கு உயிரை குடுத்து குதிச்சவர், நடுவுல கை மணிக்கட்டு உடைஞ்சு கொஞ்ச நாள் வெளிய உக்காந்தாரு. வெளிய இருந்து சுடற பழக்கம் இல்ல. அவரை பேஸ்லைன் ஓரமா, டங்கர் ஸ்பாட்டுனு சொல்றாங்களே, ரிங்குக்கு ரெண்டு அடி தள்ளி, அங்க நிறுத்தினா பரவால்ல, யாராவது ட்ரைவ் பண்ணி அவரோட டிஃபெண்டர் திரும்பின செகண்ட் அவர் டங்க் பண்ணிடுவாரு. மாராவும் உள்ள, ஜான்சனும் உள்ளன்னு ஆனா தான் கெட்டுச்சு. அதுக்கு மேல பாயிண்ட் கார்டா வந்திருக்கறது நார்த் கரோலைனால இருந்து எலியட் கேடோ, பாஸ் அருமையா போடுவாரு, ஆனா அங்க த்ரீ ரொம்ப விழல, அதனால டிஃபென்ஸ் அவரையும் விட்டுட்டு உள்ள இறங்கும். போன சீசன்ல பாயிண்ட் கார்டா ட்ரே டொனால்ட்சன் இருந்தப்ப இந்த பிரச்சனை இவ்ளோ இல்ல.

அதனால நான் கோச்சா இருந்தா (சொல்றது ஈஸி தான், தெரியும்) மூணு பேரையும் ஒண்ணா ஸ்டார்ட் பண்ணுவேன், ஏன்னா டிஃபென்ஸ்லயும் ரீபவுண்ட்லயும் அந்த சைஸுக்கு பதில் சொல்ல பிக் டென்ல கூட நிறைய டீமால முடியாது, மாரா ரிங் பக்கத்துல பின்தங்கி நின்னாலே பாதி பேர் ட்ரைவ் பண்ண யோசிப்பாங்க. ஆனா அந்த அஞ்சு பேரும் தரையில இருக்கற நேரத்துல முடிஞ்ச வரைக்கும் ஓடி ஆடணும், லெண்டபோர்க் ரீபவுண்ட் எடுத்தா அப்படியே கொண்டு போகணும், எதிர் டீமோட சென்டர் பெயிண்டுக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஷாட் போயிருக்கணும். வேகம் நின்னு போற நிமிஷங்கள்ல ஜான்சனை இல்ல மாராவை, யாரையாவது ஒருத்தரை உக்கார வச்சிட்டு வில் ஷெட்டரை இறக்கலாம், கார்னர்ல நின்னு சுட தெரிஞ்ச ஆள், லெண்டபோர்க் தன்னோட சொந்த இடமான பவர் ஃபார்வர்டுக்கு வந்துடுவாரு. எனக்கு தெரிஞ்சு லெண்டபோர்க்கும் மாராவும் மட்டும் உள்ள, மத்த மூணு பேரும் சுடறவங்கன்னு இருக்கற லைனப் தான் இந்த டீமோட நல்ல ஆஃபென்ஸா இருக்கும். க்ளோஸ் ஆட்டத்துல கடைசி நாலு நிமிஷம் அது தான் தரையில இருக்கணும்.

ஜான்சன் அதை எப்படி எடுத்துப்பாருன்னு தான் யோசனை. ஸ்டார்ட் பண்ணிட்டு கடைசில பெஞ்ச்ல உக்கார சொன்னா எந்த பையனுக்கும் கஷ்டமா தான் இருக்கும், அதுலயும் ஒரு டீம்ல இருந்து கிளம்பி புது இடம் வந்தவனுக்கு. மே இண்டியானா யுனிவர்சிட்டில பேர் போன கோச் பாப் நைட் கிட்ட ஸ்டூடண்ட் மேனேஜரா இருந்து வளர்ந்தவர், பெஞ்சையும் பிராக்டிஸையும் ஓரமா நின்னு பல வருஷம் பாத்தவருக்கு இந்த மாதிரி பேச்சு புதுசா இருக்காது.

முதல் சில ஆட்டத்துல நான் ஸ்கோரை விட பாக்க போறது மாரா பந்தை எங்க வாங்குறாருங்கறத தான். ரிங்குக்கு முதுகை காட்டி ப்ளாக்ல கை நீட்டிட்டு நின்னா, அந்த ஐடியா இன்னும் செட் ஆகலன்னு அர்த்தம். எல்போல பந்தை வாங்கி தலைக்கு மேல வச்சிக்கிட்டு, பர்னெட் சுத்தி ஓடி வர்றத பாத்துட்டு நின்னாருன்னா எதிர் கோச் டைம் அவுட் கேக்க வேண்டியிருக்கும்.