கரண்ட் போய் வந்தால் ஐபி சண்டை: பழைய லேப்பில் பட்ட பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் உண்டு, அதுதான் ஐபி. ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் மோதினால் வரும் ‘ஐபி அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்’ என்ற மஞ்சள் பலூன் எந்தக் கணினியில் வருகிறதோ, அதில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. அந்த முகவரியை அதற்கு முன்பே வேறு யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். இது தெரியாத ஒருவர் சர்வீஸ் பார்க்க வந்ததால் நான் சேலத்துக்கு அலைந்ததுதான் மிச்சம்.

தருமபுரியில் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளராக இருக்கிறேன். இரண்டு துறைக்கும் பொதுவான லேப். ஒரு வரிசை முழுக்க எக்ஸ்பி, மீதி விண்டோஸ் 7. எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது. ஆனாலும் சி புரோகிராம் எழுதும் டர்போ சி ஓட இது போதாதா என்பது மேலிடத்துக் கணக்கு. எக்ஸ்பி கணினிகளுக்கு நிலையான ஐபி போட்டு, எண்ணை மானிட்டர் மேல் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். விண்டோஸ் 7 கணினிகள் ரூட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். கரண்ட் போய் வந்தால் ஏதோ ஒரு எக்ஸ்பியில் பலூன் எழும். ஐபியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தால் 0.0.0.0, அதாவது எண்ணே இல்லை என்று காட்டும். பிரிண்டர் வேலை செய்யாது, சர்வர் ஃபோல்டர் திறக்காது. ரெக்கார்டு பிரிண்ட் எடுக்க வந்த பிள்ளைகள் என் மேஜையைச் சுற்றி நிற்பார்கள்.

சர்வீஸ்காரர் வந்தார், கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகினார். “லேன் போர்ட் போச்சு சார், கார்டு வாங்கி வைங்க” என்றார். போர்ட்டில் லைட் எரிகிறதே என்று காட்டினேன். “லைட் எரியும், டேட்டா போகாது” என்று சொல்லி, விசிட் சார்ஜை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்தப் போர்டுகளில் கார்டு செருகும் இடம் பழைய பிசிஐ ஸ்லாட், வெள்ளையாக நீளமாக இருக்கும். இங்கே கேட்ட கடைகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற புது வகைக் கார்டும் யுஎஸ்பியும்தான் இருந்தன. சேலத்துக் கடை ஒன்றுக்குப் போன் போட்டு, “பிசிஐ வேணும், எக்ஸ்பிரஸ் இல்லை” என்று அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சீல் பிரிக்காத பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். லேப்பில் வந்து திறந்தால், கட்டைவிரல் அகலத்துக்குக்கூட வராத குட்டிப் பல். எக்ஸ்பிரஸ் கார்டேதான். மறுபடி சேலம். தொப்பூர் கணவாயில் ஏதோ லாரி மக்கர் செய்ய, பஸ் நகரவே இல்லை. கடைக்காரரோ, “ரெண்டும் ஒண்ணுதானே சார்” என்றார். ஸ்லாட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். கடைசியில் ஒரு டிராயரின் அடியிலிருந்து ரியல்டெக் 8139 கார்டு ஒன்று கிடைத்தது. தூசியைத் துடைத்துச் செருகியதும் எக்ஸ்பி தானாகவே அடையாளம் கண்டுகொண்டது.

பழைய ஐபியை அதில் போட்டால், இந்த முகவரி ஏற்கனவே இன்னொரு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அது இப்போது கணினியில் இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு பெட்டி வருகிறது! பயாஸில், அதாவது கணினி எழும்போது திறக்கும் செட்டிங்கில், நான் நிறுத்திவைத்த பழைய ஆன்போர்டு லேன் அந்த எண்ணை இன்னும் விடவில்லை. சும்மா டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அது தெரியாது. கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘set devmgr_show_nonpresent_devices=1’ என்று கொடுத்து, அதே விண்டோவிலிருந்தே டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். வியூ மெனுவில் ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ போட்டால் பழைய அடாப்டர் மங்கலாகத் தெரியும். அதை அன்இன்ஸ்டால் செய்த பிறகு ஐபி உட்கார்ந்தது.

அடுத்த கரண்ட் கட்டில் பக்கத்துக் கணினியில் பலூன். அதற்கும் லேன் போர்ட் போய்விட்டதாமா? அதன் பிறகு சர்வீஸ்காரரை நான் கூப்பிடவே இல்லை.

விஷயம், விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் இருந்தது. சிஸ்டம் பதிவில் டிசிபிஐபி என்ற பெயரில் 4198 அல்லது 4199 எண்ணைத் தேடுங்கள். எந்த ஐபிக்குச் சண்டை, எதிராளியின் மேக் அட்ரஸ் (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) என்ன என்று இரண்டுமே அதில் எழுதியிருக்கும். எதிராளி யார் என்று தெரிந்துகொள்ள இது சுலபமான வழி. அதில் இருந்த மேக் எங்கள் லேப்பில் எதற்குமே இல்லை. மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால், அநேகமாக அது போன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண். ஆண்ட்ராய்டு 10 முதல் அப்படித்தான். எங்களுக்குக் கிடைத்த மேக்கும் அந்த வகை. ஆபீஸ் வைஃபையில் யாரோ போனை இணைத்திருக்கிறார்கள். எக்ஸ்பி அணைந்திருந்த நேரத்தில் அதன் எண்ணை ரூட்டர் அந்தப் போனுக்குக் கொடுத்துவிட்டது.

ஆனால் விண்டோஸ் 7 கணினி ஒன்றில் வந்த சண்டை வேறு மாதிரி. அது 192.168.1.201. அந்தக் கணினியின் கேபிளைக் கழற்றிவிட்டு வேறொன்றிலிருந்து அந்த எண்ணுக்குப் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் கட்டளை) கொடுத்தாலும் பதில் வந்தது. பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டு, சுவிட்சில் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சாம்பல் நிற வயர் ஒன்றைப் பிடுங்கியதும் பதில் நின்றது. அது சுவரைத் துளைத்து வாசல் பக்கம் போகிறது. நான் எழுந்து பார்ப்பதற்குள் ஆபீஸ் கிளார்க் வந்துவிட்டார். “தம்பி, அட்டெண்டன்ஸ் மிஷின் டிஸ்கனெக்ட்னு காட்டுது, என்ன பண்ணீங்க?”

ஆக, பயோமெட்ரிக் மிஷின். இவற்றில் நிறைய 192.168.1.201 என்ற எண்ணோடுதான் பெட்டியிலிருந்து வரும், மாட்டுகிறவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். அதை மாற்றலாமா என்று கேட்டதற்கு, அது லேப் பொருள் இல்லை, ஆபீஸ் பொருள், கடிதம் கொடுங்கள், பிரின்சிபால் கையெழுத்து வேண்டும் என்றார். கடிதத்தையும் கொடுத்தேன். அது எந்த ஃபைலில் தூங்குகிறதோ தெரியாது.

நல்லவேளை, மிஷினைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. ரூட்டர், ஐபியின் கடைசிப் பகுதியில் 2 முதல் 254 வரை எல்லா எண்ணையும் தன்னுடையது என்று நினைத்து வாரிக்கொடுத்ததுதான் மூலம். போதாக்குறைக்கு லேப்புக்கு யுபிஎஸ் உண்டு, ஆபீஸ் அறையில் இருக்கும் ரூட்டருக்குக் கிடையாது. கரண்ட் போனால் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை அது மறந்துவிடும். கணினிகளோ பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

ரூட்டர் பாஸ்வேர்டு ஃபைபர்காரரிடம் இருந்தது. அடியில் ஒட்டியிருந்தது வேலை செய்யவில்லை. “அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல இருந்துதான் மாத்தணும்ணா” என்று இழுத்தடித்தார். லேப் தேர்வு நெருங்குகிறது, பிரின்சிபால் பேசுவார் என்றதும் நேரில் வந்து உட்கார்ந்தார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ரூட்டர் இனி 100 முதல் 199 வரைதான் கொடுக்கும். எக்ஸ்பி வரிசை 11 முதல் 50க்குள், பிரிண்டர் 60, மிஷின் அதன் 201லேயே இருக்கட்டும். ரூட்டருக்கும் லேப் யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு வயர் இழுத்துவிட்டேன். அதற்கு மட்டும் யாரும் கடிதம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கரண்ட் பலமுறை போய் வந்துவிட்டது, பலூன் வரவில்லை. ஃபைபர்காரர்கள் ரூட்டரை மாற்றினாலோ ரீசெட் செய்தாலோ மறுபடியும் 2 முதல் 254 ஆகிவிடும். அதனால் அந்த செட்டிங் பக்கத்தைப் போட்டோ எடுத்து, புதுப் பாஸ்வேர்டையும் எழுதி லேப் பீரோவில் வைத்திருக்கிறேன்.