சிரிக்காமல் இருந்த இரண்டு கிழமை

கொழும்பிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் முறிகண்டியில் வான் நின்றது. தம்பி இறங்கிப் போய்ப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு, வழக்கம்போல ஒரு சரை கச்சான் கடலையோடு திரும்பி வந்து என்னிடம் நீட்டினான். பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. கச்சானை மெல்ல எனக்கு இன்னும் ஒரு கிழமைக்கு மேல் இருந்தது. தலையைச் சுற்றிக் கட்டு, அதற்கு மேல் சால்வை, இடது தொடையில் இன்னொரு கட்டு. முகத்தில் ஒப்பரேசன் முடிந்து அன்று ஐந்தாம் நாள். முதல் நான்கு இரவுகளை வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கழித்திருந்தேன். முதல் நாளில்தான் உள்ளே இரத்தம் கட்டும் பயம் அதிகம் என்பதால் டொக்டர் உடனே ஊருக்கு விடவில்லை.

எனக்கு 2009 மாசியில் தேவிபுரத்தில் வைத்து இடது காதடியில் ஷெல் பீஸ் பட்டது. புதுமாத்தளனிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றினார்கள். உயிர் தப்பியது. ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு அறுந்து, இடப்பக்கக் கன்னமும் வாயும் கீழே இறங்கிவிட்டன. தேத்தண்ணி வாயோரத்தால் வடியும். சோறு கன்னத்துக்குள் போய் அடையும். உதடு குவியாது, அதனால் அடுப்பூதுகிற வேலை அன்று தொட்டு அம்மாவுக்குத்தான். நான் முன்பள்ளி ரீச்சர். "ரீச்சர், ஏன் ஒரு பக்கத்தால மட்டும் சிரிக்கிறீங்கள்?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். பிள்ளைகள் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. பெரியவர்கள் கேட்காமல் பார்ப்பதுதான் தாங்காது.

நரம்பு அறுந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் அதையே தைத்துப் பார்க்கலாமாம். என்னைப்போல 16 வருடம் போனால் தசை மெலிந்து செத்துவிடும், பிறகு நரம்பைப் பொருத்தியும் பலனில்லை. எனவே தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து தசையை மூடியிருக்கும் வெள்ளைச் சவ்வில் ஒரு கீலம் எடுத்து, வாயோரத்தைக் கன்னத்தின் மேல் எலும்புப் பக்கமாக இழுத்துக் கட்டினார்கள். தொங்கிப்போன தோலையும் இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைத்தார்கள். நெற்றியோரத் தலைமயிருக்குள் தொடங்கி, காதுக்கு முன்னால் இறங்கி, காதுச் சோணையைச் சுற்றிப் பின்னால் போகிறது வெட்டு. வயது தெரியாமல் இருக்கப் பணக்காரர் செய்துகொள்ளும் ஃபேஸ்லிஃப்ட்டுக்கும் இதே பாதைதானாம். இதைக் கேட்ட கனடா மச்சாள் போனில் சிரித்த சிரிப்பு! எனக்குத்தான் சிரிக்கத் தடை.

உண்மையில் முழுப் பத்தியமும் அதுதான். இரண்டு கிழமைக்குச் சிரிக்கக்கூடாது, வாயை அகலத் திறக்கக்கூடாது, மெல்லக்கூடாது, அதிகம் கதைக்கக்கூடாது. கட்டிய கீலம் உள்ளே பிடிக்கும்வரை இழுபடக்கூடாது. ஆனால் எங்கள் விசுவமடுவில் ஒருத்தி கொழும்பில் ஒப்பரேசன் செய்து வந்தால் வீடு சும்மா இருக்குமா? பிஸ்கட் பெட்டியோடு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். நான் ஒரு சி.ஆர். கொப்பியை மடியில் வைத்து எழுதி எழுதிக் காட்டினேன். இரண்டாம் நாளே கை உளைந்தது. பிறகு அண்ணன் மகள் எல்லாருக்கும் பொதுவான பதில்களை ஒரே பக்கத்தில் எழுதித் தந்தாள்: "நோ இல்லை. செலவு அண்ணா பார்த்தவர். இல்லை, அழகுக்கு இல்லை." கடைசி வரியை எனக்கு வெட்டிவிட வேண்டும்போல இருந்தது. அழகுக்கும்தான். அதிலென்ன?

படுக்கை இன்னொரு பாடு. தலை எப்போதும் நெஞ்சுக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும், பக்கம் சரியக்கூடாது. தலையணை அடுக்கிப் பார்த்தோம், நடுச்சாமத்தில் சரிந்துவிட்டது. அப்பாவின் சாய்மனைக் கதிரைதான் கடைசியில் காப்பாற்றியது. இரண்டு பக்கமும் சாறியைச் சுருட்டி வைத்து அதிலேயே இரண்டு கிழமை படுத்தேன். ஒருநாள் விடியப்புறம் வழுக்கிக் கீழே போய்விட்டேன் போலிருக்கிறது, எழும்பும்போது கன்னம் ஊதியிருந்தது. திடீரென்று ஒரு பக்கம் இறுகி வீங்கி நோவெடுத்தால் தாமதிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஓட்டோவைப் பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டொக்டர் அழுத்திப் பார்த்தார். மெத்தென்றுதான் இருந்தது. "தலை பதிஞ்சு படுத்தனீங்களோ?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

முகத்தைவிடத் தொடைதான் நொந்தது. இதை முன்னமே யாரும் சொல்லவில்லை. ஒரு கிழமை நொண்டினேன். நோவுக்குப் பனடோல் மட்டும். கால் நோவுக்கு அம்மா வழக்கமாகப் போடும் குளிசையை இரத்தம் கசியப் பண்ணும் என்று தொடவே விடவில்லை.

சாப்பாட்டில் அம்மாவோடு சின்னச் சண்டை. கத்தரிக்காய் கிரந்தி (புண்ணுக்கு ஆகாது), இறால் கிரந்தி, தக்காளியும் கிரந்தியாம். டொக்டர் சொன்னது உப்பைக் குறைக்கச் சொல்லி மட்டும்தான். சரி, அம்மா விலக்கியதையும் சாப்பிடவில்லை, டொக்டர் விலக்கியதையும் சாப்பிடவில்லை. ஊறுகாயும் கருவாடும் போனதுதான் பெரிய கவலை. குழைய அவித்த குத்தரிசிக் கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம், ஆறவைத்த உழுத்தங்களி. சூடாக எதையும் வாயில் வைக்க முடியாது, மரத்துப்போன பக்கத்தில் சுட்டாலும் தெரியாது. தையலில் மஞ்சள் பூசுவோம் என்று அம்மா நின்ற நேரம் மட்டும் கொப்பியில் பெரிய எழுத்தில் "வேண்டாம்" என்று எழுதினேன். அந்த மஞ்சளும் பிறகு தானாக வந்தது. இரத்தக் கண்டல் கன்னத்திலிருந்து இறங்கி, பத்தாம் நாளளவில் கழுத்தடியில் மஞ்சளாய் நின்றது. "மஞ்சள் பூசிக் குளிச்சனியோ பிள்ளை?" என்று மாமி ஒருவர் கேட்டார். அப்போதுதான் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டேன்.

அது கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசுகிற காலம். செம்மண் தூசு. என் இடக்கண் முழுக்க மூடாது, ஆகையால் பகலில் துளி, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுவது பழைய பழக்கம். இப்போது அதையும் தையலில் படாமல் ஒட்ட வேண்டியிருந்தது.

காதுக்கு முன்னாலிருந்த தையலை ஏழாம் நாள் வெட்டினார்கள். மயிருக்குள் இருந்ததும் தொடையில் இருந்ததும் பதினான்காம் நாள். கண்ணாடி பார்த்தது ஏழாம் நாள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியே பயனில்லை. வாயோரம் காதுவரை இழுபட்டு, இடப்பக்கம் மட்டும் எதையோ கேலி செய்வதுபோல நின்றது. 16 வருடம் தொங்கிய வாய் இப்போது எதிர்ப்பக்கம் கோணல். அன்று இரவு கதிரையில் இருந்தபடி அழுதேன், அழவும் கூடாதுதான். பிறகு தளரப்போவதையும் கணக்கில் வைத்துத்தான் கூட இழுத்துக் கட்டுவார்களாம். அதை ஆஸ்பத்திரியில் தந்த ஆங்கிலத் துண்டில் எழுதியிருந்தார்கள். எனக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. அண்ணன் மகள் மறுநாள் அகராதியோடு இருந்து வாசித்துச் சொன்னாள்.

மூன்று மாதத்தில் இறங்கி வந்தது. சும்மா இருக்கும்போது முகம் நேர். சிரித்தால் இப்போதும் வலப்பக்கம்தான் அசையும். கீலம் பிடித்துவைக்கும், அசைக்காது. தேத்தண்ணி வடிவதில்லை. அடுப்பு இன்னும் அம்மாவிடம்தான்.

இடது காதுச் சோணை மட்டும் இன்னும் மரத்தபடி. போன கிழமை முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, "இது உன்ரை தோடுதானே?" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து தந்தார். எப்போது கழன்றதோ, எனக்குத் தெரியாது.