செக்வால்ஸ்: ஒரு ராட்சதன் கட்டிய வீடு

வெனிசுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வெனிசோடு திரும்பிவிடுகிறார்கள். வடகிழக்கே பொர்தெனோனேயில் ரயிலை விட்டிறங்கி, ஸ்பிலிம்பெர்கோ பக்கம் பஸ் பிடித்தால் ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சிற்றூரான செக்வால்ஸை எட்டிவிடலாம். இந்த வட்டாரத்துத் தாலியமென்தோ ஆற்றில் தண்ணீரைவிடக் கூழாங்கல்தான் அதிகம். கல்லை உடைத்து மொசைக் பதிப்பது இவ்வூரின் பரம்பரைத் தொழில். பாரிஸ் ஓபரா மாளிகையின் மொசைக் வேலைகளைச் செய்த ஃபக்கினா இவ்வூர்க்காரர். நான் தேடிப் போனதோ ஒரு மொசைக் தொழிலாளியின் மகனை. 1906இல் இங்கே பிறந்து, உலக ஹெவிவெயிட் சாம்பியனாகி, பிறகு சினிமாவில் நடித்த ப்ரீமோ கார்னேராவை.

குத்துச்சண்டையில் சம்பாதித்த பணத்தில் 1930களில் அவர் கட்டிய வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. பசியோடு ஊரைவிட்டுப் போனவன் காசோடு திரும்பினால் எப்படிக் கட்டுவானோ, அப்படியே இருக்கிறது: சுற்றியுள்ள வீடுகளைவிட ஒரு பிடி கூடுதலாக.

பதின்ம வயதில் பிழைப்புத் தேடி பிரான்சுக்குப் போனவர் அவர். ஏறத்தாழ ஆறரை அடி உயரம். சர்க்கஸ்காரர்கள் அவரைப் பலசாலியாகக் காட்சிக்கு நிறுத்தினார்கள். 1928இல் லியோன் சே என்ற மேலாளர் குத்துச்சண்டைக்கு இழுத்துவந்தார். அமெரிக்கா போனதும் நிழலுலக ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே அவர் வென்ற சண்டைகளில் பல முன்பே பேசிவைக்கப்பட்டவை என்பது இன்று பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. அவருக்கே அது தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி. 1933 பிப்ரவரியில் அவரோடு மோதிய எர்னி ஷாஃப் மயங்கி விழுந்து, சில நாட்களில் இறந்தார். அதே ஆண்டு ஜூன் 29 அன்று ஜாக் ஷார்க்கியை நாக் அவுட் செய்து சாம்பியன் ஆனார் கார்னேரா. முசோலினியின் ஆட்களுக்குக் கொண்டாட்டம். ராட்சதனைத் தங்கள் ஆட்சியின் விளம்பரப் பலகை ஆக்கிக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்த கதை அந்த ஆண்டின் கடைசியில் வருகிறது. ஹாலிவுட் படமொன்றில் கார்னேராவும் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மேக்ஸ் பேயரும் மோதினார்கள். படத்தில்கூட நாக் அவுட் ஆக மாட்டேன் என்று கார்னேரா அடம்பிடிக்க, சண்டை சமன் என்று கதையை மாற்றினார்கள். 1934 ஜூனில் அதே பேயர் நிஜ மேடையில் அவரைப் பத்து முறைக்கு மேல் தரையில் சாய்த்தார். பதினோராவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். மறு ஆண்டு ஜோ லூயிஸிடமும் உதை. பட்டம் போயிற்று; பணத்தையோ மேலாளர்கள் ஏற்கெனவே தின்றிருந்தார்கள்.

போருக்குப் பிறகு தொழில்முறை மல்யுத்தமும் சினிமாவும்தான் அவரைத் தூக்கி நிறுத்தின. 1949இல் வந்த ஒரு படத்தில் ராட்சதக் கொரில்லாவோடு கயிறு இழுக்கும் பலசாலிகளில் ஒருவராகத் தன் சொந்தப் பெயரிலேயே வந்தார். 1955இல் கேரல் ரீட் இயக்கிய லண்டன் கதையில் வில்லன் மல்யுத்த வீரர். 1959இல் ஹெர்குலிஸ் படத்தில், மண்ணைத் தொட்டால் வலுப்பெறும் ஆன்டியஸ். எல்லாமே உடம்புக்காகக் கிடைத்த வேடங்கள். நல்ல நடிகர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேமராவுக்கு முன் நடப்பது நடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அவர் விஷயத்தில், குத்துச்சண்டை மேடையைவிட இது யோக்கியமான தொழில்.

1953இல் அமெரிக்கக் குடிமகன் ஆனவர், உடல் நொடிந்தபின் 1967இல் செக்வால்ஸுக்கே திரும்பினார். இறந்ததும் ஜூன் 29. பட்டம் வென்று சரியாக 34 ஆண்டுகள். உள்ளூர் இடுகாட்டில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

வீடு எல்லா நாளும் திறந்திருக்காது. முன்பே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நேரமிருந்தால் ஸ்பிலிம்பெர்கோவில் 1922இல் தொடங்கிய மொசைக் பள்ளியையும் பாருங்கள். கார்னேராவின் அப்பா செய்த தொழிலை இன்றும் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்.